பழைய மீட்டரை எடைக்குப் போடலாமா?

நீலகிரியில் மழை ஓய்ந்து நாலு நாள் நல்ல வெயில் அடித்தால் போதும், வீடுகளில் சுத்தம் செய்யும் வேலை தொடங்கிவிடும். கம்பளிகள் கொடிக்கு வரும். பூசணம் பிடித்த பெட்டிகள் முற்றத்துக்கு வரும். சில வீடுகளில் பரணிலிருந்து இன்னொரு பொருளும் இறங்கி வரும். தாத்தா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த காலத்து ஆசிலோஸ்கோப்பாக அது இருக்கலாம். தேயிலைத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்த பெரியப்பா, ஓய்வு பெற்றபோது கொண்டுவந்த கைப்பிடி சுற்றும் மெக்கராக இருக்கலாம். வால்வு வோல்ட்மீட்டர், சிக்னல் ஜெனரேட்டர், கறுப்புப் பெட்டி போன்ற ஏவோ மீட்டர் என்று எது வேண்டுமானாலும் இருக்கலாம்.

வீட்டில் யாருக்கும் அதை இயக்கத் தெரியாது. தூக்கினால் பத்துப் பதினைந்து கிலோ இருக்கும். அந்த நேரம் பார்த்துத் தெருவில் பழைய இரும்பு, பேப்பர் வாங்குபவரின் குரல் கேட்கும். "எடுத்துட்டுப் போப்பா" என்று கொடுத்துவிடுவதுதான் வழக்கம். தராசு எடையைச் சொல்லும். பணம் கைக்கு வரும். பரணில் இடமும் கிடைக்கும். வீட்டைப் பொறுத்தவரை விஷயம் முடிந்தது.

ஆனால், அந்தக் கருவியைப் பொறுத்தவரை அப்போதுதான் தொடங்குகிறது. காயலான் கடையில் யாரோ ஒருவர் சுத்தியலோடு அதன் முன் உட்காரப்போகிறார். செம்பு எங்கே, பித்தளை எங்கே, அலுமினியம் எங்கே என்பது அவருக்குத் தெரியும். அவற்றைத் தவிர உள்ளே வேறு என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். தராசுக்கும் அது தெரியாது.

எடைக்குப் போன கருவி, எடுத்துச் சென்ற உயிர்

இந்தியாவில் இதற்கு மறக்க முடியாத ஓர் உதாரணம் உண்டு. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 'காமா செல்' என்றொரு ஆராய்ச்சிக் கருவி இருந்தது. கனடாவில் தயாரானது. 1960களின் இறுதியில் வாங்கப்பட்டு, 1985 வாக்கில் பயன்பாட்டிலிருந்து ஒதுக்கப்பட்டது. அதன்பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மூலையில் கிடந்தது. அதைப் பயன்படுத்தியவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள். கருவி மட்டும் இருந்தது. அதைப் பற்றிய அறிவு அந்த அறையை விட்டுப் போய்விட்டது.

2010 பிப்ரவரியில் அது ஏலத்தில் பழைய இரும்பாக விற்கப்பட்டு மாயாபுரி சந்தைக்குப் போனது. அங்கே அதன் கனமான ஈயக் கவசத்தை உடைத்துப் பிரித்தார்கள். ஈயத்துக்கு நல்ல விலை. அந்தக் கவசம் எதற்காக இருந்தது என்பதுதான் தெரியவில்லை. உள்ளே இருந்தது கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள். பளபளவென்று இருந்த ஒரு சிறு துண்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டவரும் உண்டு. ஏப்ரலில் ஒருவர் பின் ஒருவராக மருத்துவமனைக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஒருவர் இறந்துபோனார். சர்வதேச அணுசக்தி முகமையின் ஏழு படிகள் கொண்ட அளவுகோலில் இது நான்காம் படி விபத்தாகப் பதிவானது.

கருவியை வாங்கிய காலத்தில் இருந்தவர்களில் ஒருவர் அதன் மேல் தெளிவாக நாலு வரி எழுதி ஒட்டி, அந்தத் தகவல் பதிவேட்டில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியிருந்தால், அது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வழியாகப் பத்திரமாக வெளியேறியிருக்கும். சந்தைக்கு வந்திருக்காது.

தமிழ்நாட்டு மலையிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. 1980களில் அமெரிக்காவிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் இயந்திரங்கள் கொடைக்கானலுக்கு வந்தன. பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் வசம் இருந்தது. தெர்மாமீட்டரும் அளக்கும் கருவிதான்; அதற்குள் இருப்பது பாதரசம். உடைந்த, தேறாத கண்ணாடிக் குழாய்கள் ஊருக்குள் மூஞ்சிக்கல் பகுதியில் இருந்த ஒரு காயலான் கடையில் டன் கணக்கில் கிடந்ததை 2001 மார்ச்சில் ஊர்மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிப்படுத்தினார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது. 2003-ல் சுமார் 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது 2016-ல்தான். நடுவே பதினைந்து ஆண்டுகள் போய்விட்டன.

இதைப் படித்துவிட்டுப் பரணில் இருக்கும் மல்டிமீட்டரைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை. வீட்டிலும் ரேடியோ கடையிலும் இருந்த சாதாரணக் கருவிகளில் கோபால்ட் கிடையாது. ஆனால், டெல்லியிலும் கொடைக்கானலிலும் நடந்த தவறின் வேர், வீட்டு வாசலில் நடப்பதன் வேரேதான். உள்ளே இருப்பதைச் சொல்லாமல் ஒரு பொருளை எடைக்குக் கைமாற்றிவிடுவது.

ஸ்விட்ச் அணைந்தாலும் அணையாதது

பழைய கருவிகளில் முதலில் பயப்பட வேண்டியது கண்டென்சருக்கு. மின்சாரத்தைத் தற்காலிகமாகப் பிடித்துவைக்கும் சிறு தொட்டி அது. வால்வுக் கருவிகளில் 300, 400 வோல்ட் சாதாரணம். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தத் தொட்டி உடனே காலியாவதில்லை. தானாக வடிவதற்கென்று ஒரு ரெசிஸ்டரை வைத்திருப்பார்கள். ஐம்பது வருடத்தில் அந்த ரெசிஸ்டரே அறுந்துபோயிருந்தால், வடிய வழியில்லை. நேற்று ஓடிய கருவியை இன்று திறப்பவரின் விரலுக்கு அது காத்திருக்கும்.

ஸ்க்ரூ டிரைவரை வைத்து இரண்டு முனைகளையும் 'டப்'பென்று ஷார்ட் செய்து காலி பண்ணுவது சில பட்டறைகளில் பார்க்கக்கூடிய காட்சி. தீப்பொறி முகத்தில் தெறிக்கும், முனை உருகும். அதைவிட மோசம், காலியானதாக நம்பிக் கையை வைக்கும் நேரத்தில் கண்டென்சரில் மறுபடி கொஞ்சம் மின்னழுத்தம் ஏறியிருக்கும். உள்ளிருக்கும் காப்புப் பொருள் உறிஞ்சிவைத்திருந்த மின்னேற்றம் மெல்ல மெல்ல வெளியே வருவதுதான் காரணம். அதனால்தான் தெரிந்த மெக்கானிக்குகள் ஒரு ரெசிஸ்டர் வழியாக நிதானமாக வடியவிட்டு, மீட்டரில் அளந்து பார்த்து, சிறிது நேரம் கழித்து இன்னொரு முறையும் அளப்பார்கள். திறந்த கருவிக்குள் ஒரு கையை மட்டும் விட்டு, மறு கையைப் பையில் வைத்துக்கொள்வது அந்தக் காலத்துப் பழக்கம். இரண்டு கைகளும் உள்ளே இருந்தால், மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கும். இதயம் அந்த வழியில்தான் இருக்கிறது.

அடுத்தது ஆசிலோஸ்கோப்பின் படக்குழாய். அதற்குச் சில ஆயிரம் வோல்ட் தேவை. சில மாடல்களில் 10,000 வோல்ட் வரை போகும். மின்சாரம் ஒரு பக்கம் இருக்கட்டும், குழாய்க்குள் காற்று இல்லை. வெளியே இருக்கும் காற்று நாலாபுறமும் அதை அமுக்கிக்கொண்டே இருக்கிறது. ஐந்து அங்குல வட்டத் திரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். காற்று மெலிந்த ஊட்டியின் உயரத்தில்கூட அந்தத் திரையின் மேல் மட்டும் சுமார் 100 கிலோ பாரம் எப்போதும் இருக்கிறது. கடல் மட்டத்தில் இன்னும் அதிகம். பின்பக்கத்து மெல்லிய கழுத்தில் ஓர் அடி விழுந்தால், அத்தனை பாரமும் உள்நோக்கிப் பாய்ந்து, கண்ணாடிச் சில்லுகள் எதிர்ப்பக்கம் வழியாகச் சிதறும். அந்தக் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கக்கூடும். உள்பூச்சும் கையால் தொடக்கூடியதல்ல. குழாயை உடைத்துக் காயிலை மட்டும் உருவுவது கண்ணை அடகுவைக்கும் வேலை.

ஒளிராத விஷம்

மின்சாரம் வடிந்துவிடும். வடியாத சில பொருட்களும் இந்தக் கருவிகளில் உண்டு.

பழைய சில மீட்டர்களின் முள்ளும் எண்களும் ஒரு காலத்தில் இருட்டில் பச்சையாக ஒளிர்ந்தன. ராணுவத்துக்காகவும் விமானத்துக்காகவும் செய்த மீட்டர்களில் இது அதிகம். அந்தப் பூச்சில் ரேடியம் கலந்திருந்தது. இன்று அவை ஒளிராததைப் பார்த்து, 'வீரியம் போய்விட்டது' என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் போனது ஒளி தரும் ரசாயனத்தின் வீரியம். ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் வேண்டும். கண்ணாடி மூடியோடு அலமாரியில் இருக்கும்வரை ஆபத்து குறைவு. மூடியைக் கழற்றி, பழுப்பு நிறமாகிப்போன எண்களைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்க நினைத்தால், அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போகும். உள்ளே போன ரேடியம் எலும்பில் தங்கும்.

அடுக்கடுக்காகத் தகடு கோத்தது போன்ற செலினியம் ரெக்டிஃபையர் இன்னொன்று. அது கருகினால் தாங்க முடியாத நாற்றம் வரும். அந்தப் புகை நச்சு. நாற்றம் வந்தால் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, ஜன்னலைத் திறந்துவிட்டு, அறையை விட்டு வெளியேறுவதுதான் சரி. 1970களுக்கு முந்தைய சில எண்ணெய்க் கண்டென்சர்களில் இருப்பது சாதாரண எண்ணெய் அல்ல; பாலிகுளோரினேட்டட் பைபினைல் என்ற, மண்ணில் சுலபத்தில் அழியாத ரசாயனம். அதிக வெப்பம் தாங்க வேண்டிய இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் அட்டை இருக்கலாம். சக்தி வாய்ந்த சில ரேடியோ வால்வுகளில் வெள்ளைப் பீங்கான் போலத் தெரிவது பெரிலியம் ஆக்ஸைடாக இருக்கலாம். முழுசாக இருக்கும்வரை அது சாது. அரம் போட்டாலோ உடைத்தாலோ எழும் தூள் நுரையீரலுக்கு எமன்.

பாதரசம் எல்லோருக்கும் தெரிந்தது. கண்ணாடிக்குள் வெள்ளி உருண்டையாக ஓடும் ஸ்விட்ச்சிலும், சில ரெக்டிஃபையர் குழாய்களிலும் அது உண்டு. சிந்திவிட்டால் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது. பெருக்கினால் ஓர் உருண்டை நூறு உருண்டையாகும். அத்தனையும் ஆவியாகிக்கொண்டே இருக்கும். குழந்தைகளை வெளியே அனுப்பி, ஜன்னல்களைத் திறந்து, கையுறை போட்டு, கெட்டி அட்டையால் ஒன்றுசேர்த்து, மூடியுள்ள பாட்டிலில் அடைத்துவைக்க வேண்டும். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியே வைக்கும் மலை வீடுகளில் இது இரட்டிப்பு முக்கியம்.

'ஓடுதான்னு பார்ப்போமே' என்ற ஆசை

பரணிலிருந்து இறக்கியதும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, ப்ளக்கைச் சொருகிப் பார்ப்பது. நீலகிரியில் அது மற்ற ஊர்களைவிடப் பெரிய தவறு. இங்கே காற்றிலேயே ஈரம். பனிமூட்டம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகும் ஊர். பழைய காகிதக் கண்டென்சர்கள் அந்த ஈரத்தை ஆண்டுக்கணக்கில் உறிஞ்சியிருக்கும். ஒயர்களின் ரப்பர் உறை உலர்ந்து பொடியாகியிருக்கும். ட்ரான்ஸ்ஃபார்மருக்குள் ஈரம் இறங்கியிருக்கும். எலெக்ட்ரோலைட்டிக் கண்டென்சர்களோ நீண்ட காலம் மின்சாரம் பார்க்காவிட்டால் உள்ளிருக்கும் மெல்லிய காப்புப் படலத்தை இழந்துவிடும். திடீரென்று முழு மின்சாரம் பாய்ந்தால் சூடேறி வெடிக்கும். இரும்புச் சட்டத்துக்கே மின்சாரம் கசிந்தால், தொட்டவருக்கு ஷாக்.

தேயிலைத் தொழிற்சாலைகளில் இந்த ஈரத்தின் குணம் நன்றாகத் தெரியும். மழைக்காலத்தில் சும்மா நின்ற மோட்டாரை அப்படியே ஓடவிட மாட்டார்கள். மெக்கரின் கைப்பிடியைச் சுற்றி, சுருளுக்கும் உடலுக்கும் நடுவே காப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்விட்ச் போடுவார்கள். பழைய கருவிக்கும் அதே மரியாதை வேண்டும். நாள்கணக்கில் உலர்ந்த இடத்தில் வைத்து, தூசு தட்டி, ஒயரையும் ஃப்யூஸையும் பார்த்து, பிறகு ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்த சீரிஸ் லாம்ப் வழியாக மின்சாரம் கொடுப்பதுதான் மெக்கானிக்குகள் வழி. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், கருவி தப்பிக்கும். இதையும் பயிற்சி உள்ளவர்தான், பக்கத்தில் இன்னொருவரை வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். வீட்டுப் பிள்ளைகள் யூடியூப் பார்த்துச் செய்யும் வேலை இல்லை இது.

சிட்னியின் கழிவு, கல்யாணின் தொடக்கம்

பழைய கருவி என்றால் ஆபத்து மட்டும்தானா? அப்படி நினைத்திருந்தால் ஊட்டியின் பெருமைகளில் ஒன்று வேறு கதையாகியிருக்கும்.

1950களின் தொடக்கத்தில் கோவிந்த் ஸ்வரூப் என்ற இளம் விஞ்ஞானி, கொழும்புத் திட்ட உதவித்தொகையில் ஆஸ்திரேலியாவுக்குப் பயிற்சிக்குப் போனார். சிட்னிக்கு அருகே பாட்ஸ் ஹில் என்ற இடத்தில் சூரியனிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்க, ஆறடி விட்டமுள்ள 32 கிண்ண ஆன்டெனாக்களை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். சில ஆண்டுகளில் புதிய கருவி வந்ததும் பழைய 32 கிண்ணங்களும் தேவையில்லாமல் போயின. அவற்றைக் கழிவாகத் தள்ளாமல் இந்தியாவுக்குக் கொடுத்துவிட முடியுமா என்று ஸ்வரூப் கேட்டார். ஆஸ்திரேலிய ஆராய்ச்சி நிறுவனமான சிஎஸ்ஐஆர்ஓ சம்மதித்தது.

கிண்ணங்கள் டெல்லி வந்து சேர்ந்தன. ஸ்வரூப் அதற்குள் அமெரிக்கா போய்விட்டதால் பல ஆண்டுகள் காத்துக் கிடந்தன. 1963-ல் அவர் திரும்பி வந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்ததும், அவற்றை பம்பாய்க்கு அருகே கல்யாணில் நிறுவினார். 1965-ல் அங்கிருந்து சூரியனைக் கவனிக்கத் தொடங்கினார்கள். இளைஞர்கள் ரேடியோ வானியலைக் கையால் தொட்டுக் கற்றுக்கொண்டது அந்தப் பழைய கிண்ணங்களில்தான். அதே குழுதான் அடுத்து நீலகிரிக்கு வந்தது.

ஊட்டிக்கு அருகே முத்தோரையில் சுமார் 11 பாகை சரிவுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்த இடத்தின் அட்சரேகையும் கிட்டத்தட்ட 11 பாகை. அதனால் வடக்கு தெற்காகச் சரிவில் கிடத்திய தொலைநோக்கியின் அச்சு, பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே திசையில் திருப்பிக்கொண்டே போனால் ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் தொடரலாம். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 பிரம்மாண்டச் சட்டங்கள், அவற்றின் மேல் இழுத்துக் கட்டிய 1,100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள். 1970-ல் அது வேலை செய்யத் தொடங்கியது.

இன்றும் வேலை செய்கிறது. எப்படி? சட்டங்களை வைத்துக்கொண்டு, உள்ளிருக்கும் எலெக்ட்ரானிக்ஸை மட்டும் காலத்துக்குக் காலம் மாற்றினார்கள். 1990களின் தொடக்கத்தில் 1,056 ஆன்டெனா முனைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் தனித்தனி ஆம்ப்ளிஃபையர் வைத்தார்கள். பிறகு டிஜிட்டல் கருவிகள் வந்தன. எது தேய்ந்தது, எது இன்னும் உழைக்கும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் தொடர்ந்து அங்கே இருந்தார்கள். பாட்ஸ் ஹில் கிண்ணங்களும் டெல்லியின் காமா செல்லும் பல ஆண்டுகள் சும்மா கிடந்தவைதான். ஒன்றைப் பற்றித் தெரிந்தவர் திரும்பி வந்தார். மற்றதைப் பற்றித் தெரிந்தவர் யாரும் மிச்சமில்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

திறக்கப்போகும் கைக்கு ஒரு பரிசு

கருவி செய்தவர்களிலும் சிலர் இதை யோசித்தார்கள். அமெரிக்காவின் டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1950, 60களில் செய்த ஆசிலோஸ்கோப்புகளில் பாகங்களைப் பீங்கான் பட்டைகளில் பற்றவைத்திருப்பார்கள். சாதாரண சால்டரை மறுபடி மறுபடி உபயோகித்தால் பீங்கானில் பதித்த வெள்ளிப் பூச்சு கரைந்துவிடும். அதனால் கொஞ்சம் வெள்ளி கலந்த சால்டரைத்தான் உபயோகிக்க வேண்டும். எங்கோ ஓர் ஊரில் பின்னாளில் திறக்கப்போகும் மெக்கானிக்குக்கு அது கிடைக்குமா? அதனால் அந்தச் சால்டரில் ஒரு சின்னச் சுருளைக் கருவிக்குள்ளேயே மாட்டி, குறிப்பும் எழுதி அனுப்பினார்கள். முகம் தெரியாத ஒருவர் கைக்காகச் செய்த ஏற்பாடு அது.

வீட்டில் இருக்கும் கருவிக்கும் எடைக்கடையைத் தவிர நல்ல வழிகள் உண்டு. சரியாக இயங்கும் மெக்கரும் ஏவோ மீட்டரும் இன்றும் பட்டறைகளில் உழைக்கும். வேலை செய்யும் ஆசிலோஸ்கோப்பை ஐடிஐ, பாலிடெக்னிக் ஆய்வகங்கள் மகிழ்ச்சியோடு கேட்கலாம். ஓர் அலை எப்படி வளைகிறது என்று மாணவருக்குக் காட்ட அதைவிட நல்ல ஆசிரியர் இல்லை. இயங்காதவற்றைப் பழைய ரேடியோ சேகரிப்பவர்கள் உதிரிப் பாகங்களுக்காகத் தேடுகிறார்கள். ஒரு நல்ல வால்வோ, முள் மீட்டரோ இன்னொரு கருவிக்கு உயிர் கொடுக்கும்.

பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டு மேசை விளக்காகவோ கடிகாரமாகவோ மாற்றும் ஆசையும் பலருக்கு உண்டு. தப்பில்லை. ஆனால், உள்ளிருப்பதை வெளியே எடுக்கும் வேலையைத் தெரிந்த மெக்கானிக்கிடம் விட வேண்டும். பழைய மெயின்ஸ் ஒயரையும் ஸ்விட்ச்சையும் அப்படியே உபயோகிக்கக் கூடாது. ஒளிரும் எண்கள் இருந்த மீட்டரை இந்த விளையாட்டுக்கே எடுக்கக் கூடாது. பெட்டியில் எங்காவது மூன்று இதழ் விசிறி போன்ற கதிரியக்கச் சின்னம் கண்ணில் பட்டால், கையை எடுத்துவிட்டு, மற்றவரையும் கிட்டே விடாமல், காவல்துறைக்குச் சொல்வதுதான் முதல் வேலை.

ஓடை போகும் வழி

எதற்கும் தேறாது என்று முடிவான பின்னும் போட வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. மத்திய அரசின் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2022, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. முன்பு கம்ப்யூட்டர், டி.வி., ஃப்ரிட்ஜ் என்று இருந்த பட்டியல் இப்போது 106 வகைப் பொருட்களாக விரிந்திருக்கிறது. ஆய்வகக் கருவிகளும் அதில் அடக்கம். பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களிடம்தான் இவை போய்ச் சேர வேண்டும். நிறுவனங்களின் விவரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் விசாரித்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு வீட்டுக்கு இது அலைச்சல்தான். ஆனால் ஒரு தெருவோ, ஒரு பள்ளியோ, ஓர் எஸ்டேட்டோ சேர்ந்து வருடத்துக்கு ஒரு முறை மொத்தமாக அனுப்பினால் அலைச்சல் பங்காகிவிடும்.

செம்புக்காக ஒயரைக் கொளுத்துவதும், செம்பு எடுத்த மிச்சத்தைச் சோலை ஓரத்துச் சரிவில் கொட்டுவதும் மலையில் செய்யவே கூடாதவை. கொளுத்தும் புகையில் டையாக்சின் என்ற நஞ்சு உண்டாகிறது. கொட்டிய எண்ணெயும் ஈயமும் அடுத்த மழையில் ஓடைக்கு இறங்கும். குன்னூர் ஆறு கீழே போய்க் கலப்பது பவானியில். பைக்காராவின் தண்ணீர் மாயாறாக இறங்கிப் பவானிசாகர் அணைக்குப் போகிறது. சமவெளியில் அந்தத் தண்ணீரை வயலுக்குப் பாய்ச்சுபவர்களும், குடத்தில் பிடிப்பவர்களும் மேலே பரணைச் சுத்தம் செய்த வீட்டைப் பார்த்ததுகூட இல்லை.

நாலு வரி போதும்

தாத்தாக்களும் பெரியப்பாக்களும் இன்னும் இருக்கிற வீடுகளில் இப்போதே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. செலவு இல்லை, கெட்டியான ஒரு அட்டையும் பேனாவும் போதும். அவர்களைக் கருவியின் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். இது என்ன கருவி, எந்த வருடம் வாங்கியது? கடைசியாக எப்போது ஓடியது? உள்ளே எத்தனை வோல்ட், எந்தக் கண்டென்சர் வடிய நேரம் எடுக்கும்? பாதரசம், ஒளிரும் பூச்சு, எண்ணெய் என்று தொடக்கூடாத ஏதாவது இருக்கிறதா? சொல்வதை எழுதி, கருவியின் மேலேயே கட்டிவிட வேண்டும். மொபைலில் பேச்சைப் பதிவுசெய்தாலும் நல்லதுதான். ஆனால், அட்டை கருவியோடு போகும், மொபைல் போகாது.

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களிலும் இதே அட்டை வேண்டும். பொறுப்பாளர் ஓய்வு பெறும் நாளில் மாலை, சால்வையோடு பதிவேட்டின் இந்தப் பக்கமும் அடுத்தவர் கைக்குப் போக வேண்டும்.

பிறகு அந்தக் கருவி ஐடிஐக்குப் போகலாம், மறுசுழற்சிக்குப் போகலாம். எல்லாவற்றையும் மீறி ஒரு நாள் காயலான் கடைக்கே போனாலும் போகலாம். சுத்தியலை ஓங்கும் முன் அந்த மனிதர் படிக்கவோ, யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்கவோ தமிழில் நாலு வரி அதன் மேல் இருக்கும்.